தராவா 1943: படகுகள் பவளத்திட்டில் தட்டியதற்கு ஓதம் மட்டும்தான் காரணமா?

தீவுக்குறிப்பு எழுதியது:

பசிபிக் கடலின் தராவா பவளவளையத்தில், பெஸியோ தீவை ஜப்பானியரிடமிருந்து பிடிக்க அமெரிக்க மரைன்கள் (கடலிலிருந்து இறங்கித் தாக்கும் படையினர்) நடத்திய சண்டை பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான் கண்ணில் படுகிறது. ஓதக் கணக்கு (கடல் ஏறி இறங்கும் கணக்கு) தப்பியது, படகுகள் பவளத்திட்டில் தட்டின, மரைன்கள் மார்பளவு நீரில் நடந்து வந்து செத்தார்கள். 1943 நவம்பர் 20 முதல் 23 வரை, மொத்தம் 76 மணி நேரம். பெஸியோ தீவு சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம், அகலம் எங்கேயும் முக்கால் கிலோமீட்டரைத் தாண்டாது. (எழுத்துக்கூட்டிப் படித்தால் 'பெட்டியோ' என்று வரும். ஆனால் அந்த ஊர் மொழியில் அந்த எழுத்துகளுக்கு ஸகர ஒலி. அந்த நாட்டின் பெயரும் அப்படித்தான், 'கிரிபாட்டி' என்று எழுதி 'கிரிபாஸ்' என்று படிப்பார்கள்.) இந்தத் துண்டு நிலத்துக்கு அமெரிக்கத் தரப்பில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். நீர் போதாது என்று அந்தத் தீவில் வாழ்ந்த ஒருவரே முன்கூட்டிச் சொன்னதாகவும் படித்தேன். சொல்லியிருந்தால், அதே நாளில் ஏன் இறங்கினார்கள்? திட்டின் மேல் ஏறிப்போகும் சங்கிலித்தட வண்டிகள் 125 இருந்தபோது மற்றவர்களை ஏன் படகில் அனுப்பினார்கள்? மூன்று மணி நேரம், 3,000 டன் குண்டு வாங்கிய தீவில் பங்கர்கள் (மண்ணுக்குள் கட்டிய பதுங்கு அரண்கள்) எப்படித் தப்பின? காலவரிசை ஒன்று தயாரிக்கிறேன். மேம்போக்கான பதில் வேண்டாம், விவரமாகவே சொல்லுங்கள்.

---

அலைக்கணக்கு எழுதியது:

ஓதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் ஒரு திருத்தம். அன்று கடல் வற்றிப்போகவில்லை. ஏற வேண்டிய நேரத்தில் ஏறவில்லை. இரண்டும் வேறு. வற்றம் என்றால் ஆறு மணி நேரம் பொறுத்தால் நீர் திரும்பி வரும். அன்று நாள் முழுக்க நீர்மட்டம் நடுவாந்தரமாக ஒரே இடத்தில் நின்றது. பொறுத்திருந்தும் பயன் இல்லை.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் பெரிதாக இருக்கும், அஷ்டமியை ஒட்டிச் சிறிதாக இருக்கும் என்பது தெரிந்ததே. நிலவின் இழுப்பை 1 என்று வைத்தால் சூரியனின் இழுப்பு சுமார் 0.46. இரண்டும் ஒரே கோட்டில் நின்றால் 1.46, செங்குத்தாக நின்றால் 0.54. அந்த நவம்பரில் 12ஆம் தேதி வாக்கில் பௌர்ணமி. 20ஆம் தேதி தேய்பிறை அரைநிலா, அதாவது ஓதம் மிகச் சிறிதாக இருக்கும் நாள்.

இதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்தது. நிலவு அந்த நாட்களில் பூமியிலிருந்து மிகத் தொலைவான புள்ளிக்கு அருகே இருந்தது. ஓதத்தை எழுப்பும் விசை தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். சராசரித் தூரம் 3,84,400 கி.மீ., தொலைவுப் புள்ளி சுமார் 4,05,500 கி.மீ. மும்மடி எடுத்துப் பாருங்கள், நிலவின் இழுப்பு 0.85 ஆகக் குறைகிறது. அதில் சூரியனின் 0.46 கழிந்தால் மிஞ்சுவது 0.39. சாதாரணப் பௌர்ணமி ஓதத்தில் கால் பங்கு சொச்சம்தான். இது கோட்பாட்டுக் கணக்கு. கடலடியின் அமைப்பைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் அன்று நீர் ஏன் அசையவில்லை என்பதற்கு இது போதும். 1987ல் டெக்சாஸைச் சேர்ந்த இயற்பியலாளர் டொனால்ட் ஆல்சன் இந்தத் தொலைவுப் புள்ளி விஷயத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார். 1943ல் திட்டம் போட்டவர்கள் அரைநிலாவைப் பார்த்தார்கள், தொலைவைப் பார்க்கவில்லை.

எச்சரித்தவர் மேஜர் ஃபிராங்க் ஹாலந்து. பிரிட்டிஷ் நிர்வாகக் காலத்தில் பல ஆண்டுகள் தராவாவில் இருந்தவர். திட்டின் மேல் மூன்றடி நீர்கூடத் தேறாது என்று சொன்னார். அந்தக் கடலில் கப்பல் ஓட்டிய மற்றவர்கள் ஐந்தடி இருக்கும் என்றார்கள். ஆள் ஏற்றிய ஹிக்கின்ஸ் படகுக்கு (படையைக் கரையில் இறக்கும் சிறு படகு) மூன்றரை முதல் நான்கு அடி தேவை. டிவிஷன் தளபதி ஜூலியன் ஸ்மித் ஹாலந்தை ஒதுக்கிவிடவில்லை. நடந்தே கரையேற வேண்டிவர சரிபாதி வாய்ப்பு உண்டு என்று படைகளுக்கு முன்பே சொல்லியிருந்தார். எனவே 'கணக்கு தப்பியது' என்ற வரியை உங்கள் காலவரிசையில் எழுதாதீர்கள். ஆபத்து தெரிந்திருந்தது, தெரிந்தே துணிந்தார்கள் என்று எழுதுங்கள்.

நாளை ஏன் தள்ளிவைக்கவில்லை என்றால், அடுத்து மார்ஷல் தீவுகளுக்குப் போக வேண்டிய அட்டவணை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அதோடு காலை வெளிச்சத்தில், ஏறுநீரில் இறங்க வேண்டும். அப்போதுதான் தட்டிய படகை அடுத்த ஏற்றம் தூக்கிவிடும். இந்த இரண்டும் ஒன்றாகப் பொருந்தும் நாட்கள் கைவிரலில் அடங்கும். கடைசியில் இரண்டாம் நாள் பிற்பகலில்தான் படகு ஓடும் அளவுக்கு நீர் ஏறியது.

---

சங்கிலித்தடம் எழுதியது:

125 என்ற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிரித்துப் பாருங்கள்.

75 வண்டிகள் எல்.வி.டி.-1 (சங்கிலித்தட வண்டியின் முதல் மாதிரி). முந்தைய குவாடல்கனால் சண்டையில் சரக்கு ஏற்றி ஓடித் தேய்ந்தவை. அவை சரக்கு வண்டிகளாகவே வடிவமைக்கப்பட்டவை, கவசம் கிடையாது. நியூசிலாந்து முகாமில்தான் முன்பக்கம் கூடுதல் இரும்புத் தகடு பொருத்தினார்கள். மீதி 50 எல்.வி.டி.-2. அவை சான் டியேகோவிலிருந்து சமோவா வழியாக நேரே வந்து சேர்ந்தவை. டிவிஷனோடு ஒரு நாள் ஒத்திகைகூடப் பார்க்காதவை. அந்த 50ம் சும்மா வரவில்லை. மரைன் ஜெனரல் ஹாலந்து ஸ்மித் (மேஜர் ஹாலந்து வேறு, இவர் வேறு) கடற்படையின் அட்மிரல் டர்னரிடம் மல்லுக்கட்டி வாங்கியவை.

முதல் அலைக்கு 42, இரண்டாவதுக்கு 24, மூன்றாவதுக்கு 21. மொத்தம் 87. மற்றவை பதிலியாகவும் சரக்குக்காகவும் நிறுத்தப்பட்டன. வண்டிக்குப் பதினெட்டுப் பேர் என்று வைத்தால் சுமார் 1,550 பேர். மூன்று பட்டாலியன்களின் முன்னணிக் கம்பெனிகளுக்குத்தான் அது காணும். நான்காம் அலையிலிருந்து எல்லாரும் ஹிக்கின்ஸ் படகில்.

கரையில் ஆளை இறக்கிவிட்டு வண்டிகள் திட்டின் விளிம்புக்குத் திரும்பும், படகில் காத்திருப்பவர்களை மாற்றி ஏற்றிவரும் என்பதுதான் திட்டம். காகிதத்தில் அழகான ஏற்பாடு. உடைந்தது எங்கே என்றால், கரையை நோக்கிப் போகும்போது பெரும்பாலான வண்டிகள் தப்பிவிட்டன. உடலெங்கும் ஓட்டை விழுந்த பிறகும் ஆழமில்லாத திட்டின் மேல் சங்கிலி ஓடும் வரை அவை நகர்ந்தன. ஆளை இறக்கிவிட்டு வெளியே ஆழத்துக்குப் போனதும் ஓட்டை வழியே நீர் புகுந்து மூழ்கின. மாற்றி ஏற்றும் ஏற்பாடு முதல் சுற்றிலேயே நொறுங்கியது. சண்டை முடிந்தபோது 125ல் 90 வண்டிகள் போயிருந்தன. வண்டியோட்டிகளும் சுடுநர்களும் சேர்த்து 500 பேரில் 323 பேர் மாண்டோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். ரைஃபிள் கம்பெனிகளைவிட மோசமான விகிதம் இது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

இன்னொரு இயந்திரக் குறையும் உண்டு. இந்த இரண்டு மாதிரிகளிலும் பின்கதவு கிடையாது. இறங்க வேண்டுமானால் பக்கச் சுவரின் மேல் ஏறிக் குதிக்க வேண்டும், அதுவும் இயந்திரத் துப்பாக்கிக்கு நேரே. கரை ஓரமாக மூன்று முதல் ஐந்து அடி உயரத்துக்குத் தென்னந்தடிச் சுவர் கட்டியிருந்தார்கள். சில வண்டிகள் இடைவெளி கண்டு உள்ளே புகுந்தன, மற்றவை சுவரடியிலேயே நின்றுவிட்டன. பின்கதவு வைத்த எல்.வி.டி.-4 பிற்பாடு வந்தது.

டாங்கியும் இதே கதைதான். 14 ஷெர்மன் டாங்கிகள் வந்தன. அவற்றை ஏற்றிவந்த பெரிய படகுகளும் திட்டு விளிம்புக்கு மேல் வர முடியவில்லை. நான்கடி நீரில் கதவைத் திறந்து இறக்கினார்கள். குண்டு விழுந்த பள்ளங்கள் நீருக்கடியில் தெரியாதே. வழிகாட்ட ஆட்கள் முன்னே நடந்து பள்ளம் இல்லாத தடத்தைக் காட்டினார்கள். அவர்கள் சுடப்பட்டு விழுந்த இடங்களில் டாங்கி பள்ளத்தில் இறங்கி இன்ஜினில் நீர் புகுந்து நின்றது. முதல் நாள் மாலையில் ஓடும் நிலையில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

---

வடதுருவன் எழுதியது:

ஜப்பானியர் சிங்கப்பூரில் பிரிட்டிஷாரிடம் பிடித்த 8 அங்குல பீரங்கிகளைக் கொண்டுவந்து இங்கே வைத்திருந்தார்கள் அல்லவா? அவைதான் கப்பல்களை நெருங்கவிடாமல் செய்தன. 3,000 டன் வீணானதற்கு அதுவும் காரணம்.

---

பீரங்கிமேடு எழுதியது:

@வடதுருவன், இந்தச் சிங்கப்பூர்க் கதைக்குச் சாவே இல்லை போலிருக்கிறது. சிங்கப்பூர்க் கோட்டையில் இருந்தவை 15, 9.2, 6 அங்குலங்கள். அங்கே 8 அங்குல கரையோரப் பீரங்கியே கிடையாது. பெஸியோவில் இருந்த நான்கும் விக்கர்ஸ் தயாரிப்புதான். ஆனால் அந்த நிறுவனம் 1905ல், ரஷ்ய-ஜப்பானியப் போர்க் காலத்தில், ஜப்பானுக்கு முறைப்படி விற்றவை. கப்பல்களையும் அவை ரொம்ப நேரம் தடுக்கவில்லை. விடியுமுன் சுட ஆரம்பித்ததும் மேரிலாண்டு, கொலராடோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல்கள் 16 அங்குல குண்டுகளால் பதில் சொன்னதில் ஒரு மேடையின் வெடிமருந்துக் கிடங்கே எரிந்து எழும்பியது.

3,000 டன் ஏன் போதவில்லை என்பதற்கு வருகிறேன். தீவின் மிக உயர்ந்த இடமே மூன்று மீட்டர்தான். கப்பல்கள் சில கிலோமீட்டர் தூரத்திலிருந்து நேர்கோடாகச் சுட்டன. அந்தக் கோணத்தில் குண்டு தீவைத் தடவிக்கொண்டு மறுபக்கக் கடலில் போய் விழும், அல்லது மணலில் பட்ட கணமே மேலே வெடிக்கும். பங்கரின் கூரையைத் துளைக்க வேண்டுமானால் தொலைவிலிருந்து, உயரத்திலிருந்து, கவசம் துளைக்கும் குண்டாகச் செங்குத்தாக விழ வேண்டும். புழுதியும் புகையும் தீவை மூடியபின் குறியே தெரியவில்லை. பரப்பளவைப் பார்த்துப் பொதுவாகச் சுட்டார்கள். திறந்த மேடையில் இருந்த பெரிய பீரங்கிகள் அழிந்தன, மணலுக்குள் இருந்த இயந்திரத் துப்பாக்கிகள் பிழைத்தன. ஆளைக் கொன்றவை பின்னவை.

ஆனால் குண்டுவீச்சு அடியோடு வீண் என்பதை ஏற்க மாட்டேன். தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. ஜப்பானியத் தளபதி ரியர் அட்மிரல் ஷிபாசாகியால் தன் படைகளை ஒருங்கே நடத்த முடியாமல் போனது. முதல் நாள் பிற்பகலில் தலைமையகத்தை மாற்றும்போது அவரும் அவரோடு இருந்த அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு கரையில் சுமார் 5,000 அமெரிக்கர் இறங்கியிருந்தார்கள். அவர்களில் 1,500 பேர் வரை செத்தோ காயம்பட்டோ கிடந்தார்கள். மிஞ்சியவர்கள் சுவரடியில் சில மீட்டர் அகலத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றிரவு ஒருங்கிணைந்த எதிர்த்தாக்குதல் வந்திருந்தால் கடலுக்குள் தள்ளப்பட்டிருப்பார்கள். அது வரவில்லை.

என் கணக்கில் ஓதத்தைவிடக் கொடிய தவறு நேர இடைவெளி. உங்கள் காலவரிசைக்கு இவை உதவும். 5:42க்கு அமெரிக்கக் கப்பல்களை நடத்திய அட்மிரல் ஹில் கப்பல் சுடுவதை நிறுத்தினார், 5:45க்கு விமானங்கள் வரும் என்று நினைத்து. விமானந்தாங்கிகளோ சூரியோதயத்துக்கு என்று வைத்திருந்தன, 6:10 தாண்டித்தான் வந்தன. மேரிலாண்டின் முதல் முழக்கத்திலேயே அதன் ரேடியோக் கருவிகள் அதிர்ந்து செயலிழந்திருந்தன, எனவே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியவில்லை. அரை மணி நேரம் ஜப்பானியருக்கு இலவசமாகக் கிடைத்தது. அடுத்து, முதல் அலை புறப்பாட்டுக் கோட்டைக் கடந்தது 8:24. வண்டிகள் எதிர்பார்த்ததைவிட மெதுவாக ஊர்ந்ததால் இறங்கும் நேரம் 8:30லிருந்து 8:45, பிறகு 9:00 என்று தள்ளப்பட்டது. 8:55க்குப் பெரும் குண்டுவீச்சு நின்றது. வண்டிகள் கரை தொட்டது 9:10க்கும் 9:22க்கும் இடையே. காயலுக்குள் நின்ற ரிங்கோல்ட், டாஷியெல் என்ற இரண்டு நாசகாரிகள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சுட்டன. அந்தக் கால் மணி நேரத்தில் தெற்குக் கரையில் இருந்த ஜப்பானியர் வடக்குக் கரைக்கு ஓடிவந்து துப்பாக்கிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

---

தீவுக்குறிப்பு எழுதியது:

இவ்வளவு தெளிவாக எங்கேயும் கிடைக்கவில்லை, நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். திட்டு இல்லாமல் நேரே ஆழமாக இருக்கும் பக்கத்தில் இறங்கியிருக்கலாமே? அடுத்து, கப்பல் குண்டுக்கே அசையாத பங்கரை, கையில் ரைஃபிள் வைத்திருந்தவர்கள் எப்படி எடுத்தார்கள்?

---

மணற்குன்று எழுதியது:

திட்டு தீவைச் சுற்றி எல்லாப் பக்கமும் உண்டு. தெற்கிலும் மேற்கிலும் அலையும் அதிகம். ஷிபாசாகி தாக்குதல் தெற்கு அல்லது மேற்கிலிருந்து வரும் என்று எதிர்பார்த்ததால் கண்ணிவெடி, கான்கிரீட் முக்கோணத் தடைகள், முள்வேலி எல்லாம் அங்கேதான் முதலில் போட்டார். காயலைப் பார்த்த வடக்குப் பக்கத்தில் கண்ணிவெடி வேலை முடியவில்லை. எனவே ரெட் 1, 2, 3 என்று பெயரிட்ட வடக்குக் கரைகளைத் தேர்ந்தது சரியான முடிவு. வேறு எந்தப் பக்கமாக இருந்தாலும் இதைவிட மோசமாகியிருக்கும்.

தவறு வேறு இடத்தில் நடந்தது. பக்கத்துத் தீவான பைரிகியை முதலில் பிடித்து அங்கே பீரங்கிகளை நிறுத்தி அடிக்க வேண்டும், பல நாள் முன்கூட்டிக் குண்டுவீச வேண்டும் என்று ஜூலியன் ஸ்மித் கேட்டார். இரண்டும் மறுக்கப்பட்டன. ஜப்பானியக் கடற்படை தன் ட்ரக் தளத்திலிருந்து வந்துவிடும் என்ற அச்சம் மேலிட அட்மிரல்கள் நிமிட்ஸுக்கும் ஸ்புருயன்ஸுக்கும் இருந்தது. சட்டென்று அடித்துச் சட்டென்று விலக வேண்டும் என்றார்கள். அவருடைய மூன்று ரெஜிமென்ட்களில் ஒன்றையும் மேலிடம் தன் கையிருப்பாக வைத்துக்கொண்டது. நேரடித் தாக்குதல் தன் விருப்பம் அல்ல, மேலிட ஆணை என்று எழுத்தில் கேட்டு வாங்கினார் ஸ்மித். அந்தத் தாளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவர் மேல் மரியாதை கூடுகிறது.

பங்கரின் கட்டுமானம் இது. தென்னந்தடிகளை அடுக்கி இரும்புப் பிடிகளால் இணைத்து, இரண்டு அடுக்குக்கு நடுவே பவள மணலைக் கொட்டி, மேலே பல அடி மணலைக் குவித்துச் சாய்த்துவிடுவார்கள். தென்னந்தடி நார் நாராக இருப்பதால் குண்டு பட்டால் சிம்பாகச் சிதறாது, அமுங்கும். மணல் அதிர்ச்சியைக் குடித்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் ஒரு மணல்மேடு, ஒரு அடி உயரச் சுடுபிளவு, அவ்வளவுதான். ஒவ்வொரு பங்கரும் பக்கத்துப் பங்கரின் பிளவைக் காவல் காக்கும்படி அமைந்தது. எனவே ஒன்றை நெருங்கினால் இரண்டு சுடும். இப்படி சுமார் 500.

எடுக்கும் முறையை மரைன்கள் அங்கேயே கற்றுக்கொண்டார்கள். முதலில் பக்கத்துப் பங்கரின் பிளவைத் தானியங்கித் துப்பாக்கியால் விடாமல் அடித்து வாயை மூட வேண்டும். இதை விட்டுவிட்டு நேரே பாய்ந்த குழுக்கள்தான் அதிகம் செத்தன. அடுத்து, பொறியாளர் ஒருவர் குருட்டுப் பக்கமாக ஊர்ந்துபோய் டி.என்.டி. கட்டியைப் பிளவுக்குள் தள்ளுவார். வாசலில் எறிந்தால் போதாது. உள்ளே குறுக்குச் சுவர் வைத்திருந்ததால் வெடிப்பு அங்கேயே தேங்கிவிடும். பிறகு தீயுமிழ் கருவி. அதன் எரிபொருள் தொடர்ந்து விட்டால் எட்டுப் பத்து விநாடிதான் வரும், எனவே பிளவுக்கு மிக அருகே போய், விட்டு விட்டுத்தான் அடிக்க வேண்டும். கடைசியில் கவசத் தகடு மாட்டிய புல்டோசர் மணலைத் தள்ளிப் பிளவையும் காற்றுத்துளையையும் மூடும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்த இடங்களில் இரவில் ஜப்பானியர் சுரங்கவழியாகத் திரும்பிவந்து அதே பங்கரிலிருந்து மறுநாள் முதுகில் சுட்டார்கள்.

மூன்றாம் நாள் லெப்டினன்ட் அலெக்சாண்டர் பானிமன் குழு பெரிய மணற்பங்கரை எடுத்ததும் ஏறத்தாழ இதே முறையில்தான். கூரை மேல் ஏறி, உள்ளே இருந்தவர்களை வெளியே துரத்தி, திறந்தவெளியில் சுட்டார்கள். பானிமன் கூரை மேலேயே மாண்டார். அங்கே பெரும்பதக்கம் (அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப்பதக்கம்) பெற்ற நால்வரில் கரையில் கட்டளை நடத்திய கர்னல் ஷூப் மட்டுமே உயிரோடு இருந்தார். பானிமன், ஹாக்கின்ஸ், போர்டலான் மூவருக்கும் இறந்தபின்தான் கிடைத்தது.

---

சங்கிலித்தடம் எழுதியது:

ரேடியோவை யாரும் தொடவில்லை. கரையில் கட்டளை நடத்திய கர்னல் டேவிட் ஷூப் காலில் காயத்தோடு ஒரு ஜப்பானியப் பங்கரின் சுவரில் சாய்ந்து நின்று சண்டையை நடத்தினார். அந்தப் பங்கருக்குள் இன்னும் ஜப்பானியர் இருந்தார்கள்! அவரிடம் இருந்த ரேடியோக்கள் நீர் புகாதபடி செய்யப்பட்டவை அல்ல. நடந்து வந்தபோதே நனைந்து செத்துவிட்டன. மிஞ்சியவற்றிலும் பேட்டரி நீடிக்கவில்லை. டாங்கி ரேடியோவும் காலாட்படை ரேடியோவும் ஒன்றோடொன்று பேசாது. டாங்கிக்குக் குறி காட்ட ஆள் எழுந்து போய்க் கவசத்தைத் தட்ட வேண்டியிருந்தது.

இதன் விலைக்கு ஓர் உதாரணம். 8ஆவது மரைன் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் புறப்பாட்டுக் கோட்டில் படகிலேயே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆணைக்குக் காத்துக் கிடந்தது. செய்திகள் போய்ச் சேரவில்லை, சேர்ந்தவை தவறாகச் சேர்ந்தன. மறுநாள் காலை ரெட் 2க்கு அனுப்பப்பட்டு, திட்டில் இறங்கி நடந்து, 300க்கு மேற்பட்டவர்களை இழந்தது. இது முதல் நாளின் ஓதப் பிழை இல்லை. ஒரு நாள் கழித்து, என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்தபின் நடந்தது.

---

பீரங்கிமேடு எழுதியது:

அதற்கு மறுபக்கமும் அதே இரண்டாம் நாளில்தான். மேற்கு முனையில் மேஜர் மைக்கேல் ரயன் சிதறிய கம்பெனிகளின் மிச்சத்தைத் திரட்டி, இரண்டு ஷெர்மன்களோடும் வேலை செய்யும் ரேடியோ வைத்திருந்த ஒரு கடற்படைக் குறிகாட்டியோடும் சேர்ந்து, கிரீன் என்று பெயரிட்ட மேற்குக் கரையை முழுதாகப் பிடித்தார். நாசகாரிகள் குறிகாட்டி சொன்ன பங்கரை மட்டும் ஒவ்வொன்றாக அடித்தன. முதல் நாள் மூன்று மணி நேரம் ஊற்றிய குண்டு செய்யாததை, கண்ணால் பார்த்துச் சொன்னவன் பேச்சைக் கேட்டு ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். அன்று மாலை மேஜர் வில்லியம் ஜோன்ஸின் பட்டாலியன் ரப்பர் படகுகளில் அங்கே முழுப்படையாக இறங்கியது. சண்டை திரும்பிய இடம் அதுதான்.

கடற்படை இதைக் கற்றுக்கொண்டது. ஹவாயின் கஹோலாவே தீவில் பெஸியோ பங்கர்களைப் போலவே கட்டி, எந்தக் குண்டு, எந்தக் கோணம் உடைக்கிறது என்று சுட்டுப் பார்த்தார்கள். நீருக்கடியில் போய்த் திட்டை அளக்கவும் தடைகளை வெடிக்கவும் தனிக் குழுக்கள் அமைத்தார்கள். 1944 ஜனவரி இறுதியில் மார்ஷல் தீவுகளில் உள்ள குவாஜலினுக்குப் போனபோது பக்கத்துச் சிறு தீவுகளை முதலில் பிடித்துப் பீரங்கி நிறுத்தினார்கள், அதாவது ஸ்மித் பைரிகிக்குக் கேட்டதை அங்கே செய்தார்கள். அந்தப் பவளவளையம் முழுவதுக்கும் இறந்த அமெரிக்கர் சுமார் 370 பேர்.

---

அலைக்கணக்கு எழுதியது:

@பீரங்கிமேடு, கால் மணி நேர இடைவெளிதான் பெரிய தவறு என்பதில் உடன்பாடு இல்லை. அந்த இடைவெளி முதல் மூன்று அலைகளைப் பாதித்தது, அவர்கள் வண்டியில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கரைக்கு வந்துவிட்டார்கள் என்று சங்கிலித்தடமே மேலே சொல்லியிருக்கிறார். நீரில் நடந்து செத்தவர்கள் நான்காம் அலைக்குப் பிறகு வந்தவர்கள். திட்டின் விளிம்பிலிருந்து கரைக்கு இடத்துக்கு இடம் 500 முதல் 900 மீட்டர். ஐந்தடி நீர் இருந்திருந்தால் படகு அதைச் சில நிமிடத்தில் கடந்திருக்கும். இடுப்பளவு நீரில், சுமையோடு, பவளத்தின் மேல் நடந்தால் அரை மணி நேரம். இடைவெளி விட்டது ஒரு தடவை, ஓதம் விட்டது முப்பது மணி நேரம்.

ஆனால் வண்டி எண்ணிக்கை விஷயத்தில் விட்டுக்கொடுக்கிறேன். 87க்குப் பதிலாக 250 இருந்திருந்தால் நீர் எவ்வளவு என்பதே கேள்வியாகி இருக்காது.

---

தீவுக்குறிப்பு எழுதியது:

கடைசியாக ஒன்று. சில இடங்களில் தேதி 19 என்று வருகிறது, சில இடங்களில் 20. எதை வைத்துக்கொள்வது? இறந்தவர் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

---

மணற்குன்று எழுதியது:

தராவா 173 பாகை கிழக்கு, தேதிக் கோட்டுக்கு மேற்கே. பேர்ல் ஹார்பர் கோட்டுக்குக் கிழக்கே, அங்கே ஒரு நாள் பின்தங்கியிருக்கும். ஹவாயிலிருந்து போன செய்திகளில் 19 வருவது அதனால்தான். தீவின் நாளான 20ஐ வைத்துக்கொள்ளுங்கள். மேலே பீரங்கிமேடு தந்த மணிகளும் தீவு நேரமே.

எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்றால், சில பட்டியல்கள் மரைன்களை மட்டும் கணக்கிடும், சில கடற்படையினரையும் சேர்க்கும். சில காணாமல்போனோரை இறந்தோரில் சேர்க்கும், சில தனியாக வைக்கும். மாகின் தீவருகே நவம்பர் 24ல் லிஸ்கம் பே விமானந்தாங்கி மூழ்கியதில் இறந்த 644 பேரையும் தராவாவோடு கூட்டிவிடுவோர் உண்டு. அது வேறு கணக்கு, கூட்டாதீர்கள். ஜப்பானியத் தரப்பில் சுமார் 4,700 பேர். அவர்களில் கணிசமானோர் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட கொரியத் தொழிலாளர்கள். உயிரோடு பிடிபட்டவர்கள் 146 பேர், 129 கொரியர், 17 ஜப்பானியர். தொழிலாளரையும் வீரரையும் ஒரே வரியில் 'ஜப்பானிய இழப்பு' என்று எழுதிவிடாமல் பிரித்து எழுதுங்கள்.

அடக்கம் செய்த இடங்களின் பட்டியலைச் சேர்ப்பதாக இருந்தால் எச்சரிக்கை. விமானத்தளத்தை விரிவாக்கும்போது கல்லறைக் குறிகளை இடம் மாற்றினார்கள், பல அடக்கங்கள் தொலைந்தே போயின. பானிமனின் எச்சங்கள் 2015ல்தான் தோண்டி எடுக்கப்பட்டன. 1940களின் கல்லறை வரைபடங்களை இன்றைய தீவின் மேல் அப்படியே வைத்துப் பார்த்தால் பொருந்தாது.